மேல்மண் எங்கே போகும்?

லட்சியம் வேணும்னு சொல்லாத மேடை உண்டா பாஸ்? காலேஜ் டே சீஃப் கெஸ்ட்ல ஆரம்பிச்சு பிளேஸ்மென்ட் ஆபீஸர் வரைக்கும் எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அதுக்கான பில்லை யார் கட்டுறாங்கன்னு மட்டும் யாரும் சொல்றதில்லை.

நெய்வேலிக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். பழுப்பு நிலக்கரி வேணும்னா, முதல்ல அதுக்கு மேல பல பத்து மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிற மண்ணை வெட்டி அள்ளணும். அள்ளின மண் காணாமப் போயிடாது. பக்கத்துல எங்கேயோ மலையாக் குவியும். லட்சியத்துக்கும் அப்படி ஒரு மேல்மண் உண்டு. பல வீடுகள்ல அது குடும்பத்து தலையிலதான் விழுது.

வில்லியம் கேரியைத் தெரியுமா? செருப்புத் தைக்கிற தொழில் பார்த்துக்கிட்டே கிரேக்கம், லத்தீன்னு கத்துக்கிட்ட இங்கிலாந்து போதகர். இந்தியாவுக்குப் போயே தீரணும்னு அவருக்கு ஒரே வெறி. லெஸ்டர் நகரத்துல அவரை நம்பி இருந்த சபையை விட்டார். மனைவி டோரதி, 'நான் வரலை'ன்னு தெளிவா சொல்லிட்டாங்க. எழுதப் படிக்கத் தெரியாத பெண். அப்போ நிறைமாதம் வேற. மூத்த மகனை மட்டும் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார் மனுஷன்! கப்பல் தாமதமாக, திரும்பி வந்து மறுபடி கேட்டார். தங்கச்சியும் கூட வந்தா வர்றேன்னு டோரதி இறங்கி வந்தாங்க. 1793 ஜூன்ல கைக்குழந்தையோட கப்பல் ஏறினாங்க.

வங்காளத்துல காசு இல்லை, காய்ச்சல், பேதி. 1794-ல அஞ்சு வயசுப் பையன் பீட்டர் செத்துப்போனான். டோரதியோட மனசு உடைஞ்சது, அப்புறம் தேறவே இல்லை. கேரியோட நாட்குறிப்புலயும் அந்த நாட்கள்ல விசுவாசம் வறண்டுபோன புலம்பல்தான்.

ஏழு வருஷம் கழிச்சு, 1800 டிசம்பர் 28. செராம்பூர்ல கிருஷ்ண பால்ங்கிற தச்சருக்கு முதல் ஞானஸ்நானம். கேரி காத்திருந்த நாள். அன்னிக்கு டோரதி ஒரு அறைக்குள்ள பூட்டப்பட்டு அலறிக்கிட்டு இருந்தாங்க. 1807-ல இறந்தாங்க. பிள்ளைகளைப் பெரும்பாலும் பார்த்துக்கிட்டது சக ஊழியரோட மனைவி ஹன்னா மார்ஷ்மன்.

கேரி வில்லன் இல்லை. மனைவியைக் கடைசிவரை கைவிடலை. 1801-ல வங்காள மொழியில புதிய ஏற்பாடு, 1818-ல செராம்பூர் கல்லூரி. இன்னிக்கும் மதுரை, சென்னை இறையியல் மாணவர்கள் செராம்பூர் பட்டம்தான் வாங்குறாங்க. நிலக்கரி நிஜம். மண்மேடும் நிஜம். ஆனா வரலாற்றுப் பாடத்துல கேரி இருக்கார், டோரதி இல்லை.

'நான் வரலை'ன்னு டோரதி சொன்னது பக்திக் குறைவுன்னு ரொம்ப நாள் எழுதிக்கிட்டு இருந்தாங்க. இப்ப யோசிச்சா, அது ஒரு நேர்மையான பதில். கேட்டவருக்குத்தான் அந்த பதில் வேண்டாம்.

வீட்டுல உங்க கனவைச் சொல்றப்போ சம்மதம் கேட்கறீங்களா, தகவல் சொல்றீங்களா? நாளைக்கு நீங்க கணவனாகவோ மனைவியாகவோ ஆகும்போதும் இந்தக் கேள்வி வரும். கனவு சாமி பேர்ல வந்தாலும் சரி, அமெரிக்கா பேர்ல வந்தாலும் சரி. பெரிசா தோண்டுங்க, தப்பில்லை. மண்ணை எங்கே கொட்டப் போறோம்னு முதல்லயே பேசிடுங்க. எதிர்ல இருக்கறவங்க 'முடியாது'ன்னா, அதையும் ஒரு பதிலா எடுத்துக்குங்க.