பாடம் சேரியில், மார்க் பட்டணத்திலா?

உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களுக்குப் பட்டணத்திலிருந்து வேன் வந்து நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் நோட்டுப் புத்தகம், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் இறங்குகிறார்கள். எம்.எஸ்.டபிள்யூ. என்னும் முதுகலைச் சமூகப்பணிப் படிப்பு படிக்கிறவர்கள். வாரத்தில் இரண்டு நாள் ஒரு தொண்டு நிறுவனத்தின் கீழ் 'களப்பணி' பழக வேண்டும். நடுவில் கிராம முகாம். படிப்பு முடிகிற சமயத்தில் ஓரிடத்தில் தொடர்ந்து பல நாள் பயிற்சி. எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு.

நடவு முடித்து, முழங்கால் சேற்றோடு திரும்பிய ஒரு தாயிடம் மாணவி கேட்கிறாள்: "அம்மா, வீட்டில் எத்தனை பேர்? கழிவறை இருக்கா? மாச வருமானம் எவ்வளவு?"

அந்தத் தாய் சொன்ன பதிலை நாம் காதாரக் கேட்டோம்: "போன வருஷம் வந்த பொண்ணும் இதைத்தான் பாப்பா கேட்டு எழுதிகினு போச்சு. அந்த நோட்டு இப்ப எங்க கீது?"

மாணவி விழித்தாள். அவள் மீது குற்றமில்லை, அவளுக்குத் தெரியாது. நாம் சொல்கிறோம்: அந்த நோட்டு கல்லூரி அலமாரியில் இருக்கிறது. மார்க் போட்டாகிவிட்டது. கதை முடிந்துவிட்டது.

யார் போட்டார்கள் அந்த மார்க்கை? கல்லூரி மேற்பார்வையாளர் ஒரு பங்கு. தொண்டு நிறுவனத்து மேற்பார்வையாளர் ஒரு பங்கு. கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் குளுகுளு அறையில் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டு ஒரு பங்கு. எதற்குப் போட்டார்கள்? நேரத்துக்கு வந்தாளா, அறிக்கையைத் தவணைக்குள் கொடுத்தாளா, புத்தகத்தில் படித்த கோட்பாட்டை எடுத்துக் காட்டினாளா, மக்களிடம் 'நல்லுறவு' ஏற்படுத்தினாளா என்பதற்கு. நல்லுறவு ஏற்பட்டதா இல்லையா என்று, உறவு கொண்டதாகச் சொல்லப்படும் அந்தத் தாயை ஒருவராவது கேட்டதுண்டா? அறிக்கை பெரும்பாலும் இங்கிலீஷில். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்கு அதைப் படித்துச் சொல்வாருமில்லை. ஒரு மனிதனின் பசியை அவனுக்குத் தெரியாத பாஷையில் எழுதி, அவனுக்குத் தெரியாத ஊரில் மார்க் வாங்குவதற்குப் பெயர் சமூகப்பணியாம்!

இப்படி வரும் பிள்ளைகளை முகாமின்போது வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கல்வெட்டைக் காட்டுகிறார்கள். பராந்தக சோழன் காலம், 919-ம் ஆண்டும் 921-ம் ஆண்டும் வெட்டியது. குடவோலை முறை. பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் இந்தக் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டார். 

பெருமை இருக்கட்டும். குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்றும் அதே கல்லில் எழுதியிருக்கிறதே, அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறார்களா? வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். அந்தக் கால் வேலியில் குனிந்து நாற்று நட்டவன் பெயர் குடத்தின் பக்கமே போகவில்லை. நிலமுள்ளவன் நிலமுள்ளவனுக்கு மார்க் போட்டுக்கொண்டான். ஆயிரத்து நூறு வருஷம் கழித்து, படித்தவர் படித்தவருக்குப் போட்டுக்கொள்கிறார்.

ஆனால் அதே கல்லில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றும் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வரக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரரும் வரக்கூடாது. வருஷா வருஷம் வந்து எழுதிக்கொண்டு போய்க் கணக்கே காட்டாத தொண்டு நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் இந்த விதியைப் போட்டுப் பார்த்தால் எத்தனை வேன்கள் ஊருக்குள் நுழையும்?

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் தொழிலாளி தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவில் இதற்கான முதல் பள்ளி 1936-ம் ஆண்டில் பம்பாயில், டாட்டா குடும்பத்து அறக்கட்டளைப் பணத்தில் தொடங்கியது. முதல் இயக்குநர் மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார். சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். நடுவில் 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் உள்ள ஆலையில் 'நல அதிகாரி' ஒருவரை முதலாளி நியமிக்க வேண்டும் என்றது அதன் 49-வது பிரிவு. இந்தப் படிப்பு முடித்தவர்களில் பலர் அந்த நாற்காலிக்குத்தான் போனார்கள். நியமிப்பவர் முதலாளி, சம்பளம் கொடுப்பவர் முதலாளி. 'நலம்' மட்டும் தொழிலாளியுடையது! ஆலைத் தோழர்களுக்கு இந்த வேடிக்கை புதிதல்ல. காண்டீன் சாம்பாரைப் பற்றிக் கேட்டால் நல அதிகாரி அன்பாகப் பேசுவார். சங்கம் என்று சொன்னால் முகம் மாறும். யாரிடம் மார்க் வாங்கிப் பழகினாரோ அவர் முகத்தைப் பார்த்தே வேலை செய்யும் பழக்கம் படிப்பிலேயே ஏறிவிடுகிறது.

இது ஏதோ பரீட்சைச் சங்கதி, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் இது உயிர்ச் சங்கதி. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த்துறை அதிகாரிகள் மீட்டார்கள். இருளர் மக்கள். சொற்ப முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடந்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படத்தைப் பத்திரிகைகளில் நாடே பார்த்தது. அதற்கு முன்னால் இந்த மாவட்டத்தில் எத்தனை சர்வே நோட்டுகள் நிரம்பியிருக்கும்! கழிவறை உண்டா என்று கேட்ட நோட்டுகளில், 'முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா? நினைத்தால் இந்த வேலையை விட்டுப் போக முடியுமா?' என்ற இரண்டே கேள்விகள் இருந்தனவா?

1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் பாருங்கள். மாவட்டந்தோறும், கோட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது 13-வது பிரிவு. மாவட்டக் குழுவில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரிலிருந்து மூன்று பேர். அந்த மாவட்டத்திலேயே குடியிருக்கும் சமூகப்பணியாளர் இரண்டு பேர். ஆம், சமூகப்பணியாளர்! சட்டமே நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. 15-வது பிரிவு இன்னும் கூர்மையானது. 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி சொல்லிவிட்டால் போதும், அப்படி அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவன் தலையில் விழுகிறது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கிடக்கிற குடும்பத்தின் காதில் இந்த ஒரு வாக்கியத்தைப் போடத் தெரியாத மாணவன், எத்தனை கோட்பாட்டை ஒப்பித்தாலும் நம் கணக்கில் பெயில்தான்.

தெரிந்தவன் பாஸா? அங்கேதான் சிக்கல். நாம் அறிந்த ஒரு மாணவியின் அனுபவம் இது. ஊரையும் கல்லூரியையும் சொல்லப் போவதில்லை. சூளை ஒன்றில் ஒரு குடும்பம் ஊர்த் திருவிழாவுக்குக்கூட வெளியே விடப்படவில்லை என்று அவள் அறிக்கையில் எழுதினாள். மேற்பார்வையாளர் சிவப்பு மையால் கோடு போட்டு, 'உன் களப்பணி நோக்கத்துக்குள் நில்' என்று ஓரத்தில் எழுதினார். அவளுடைய நோக்கமோ கைகழுவும் முறை பற்றிய பிரசாரம். மார்க் குறைந்தது. அவளோடு வந்து, சுவரில் படம் வரைந்து, சங்கீத நாற்காலி நடத்தி, போட்டோ ஒட்டி அறிக்கை கொடுத்தவருக்கு மார்க் ஏறியது. முகாமுக்குச் சாப்பாடு போட்டவரே சூளைக்காரராக இருந்தால் சிவப்பு மை இன்னும் தாராளமாகவே ஓடும்! நேர்மையான வாத்தியார்கள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளோடு வெயிலில் நடந்து வந்து, தாலுகா ஆபீஸ் வாசலில் கூடவே நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அவர்களும் கடைசியில் அந்த அச்சடித்த தாளைத்தான் நிரப்பியாக வேண்டும்.

"படிக்காத கூலியாளுக்கு மார்க் போடத் தெரியுமா?" என்று கனவான்கள் கேட்பார்கள். முப்பது வருஷம் நடவு நட்டவள், புதிதாக வந்தவள் நாற்று முடியைப் பிரிக்கிற தினுசைப் பார்த்தே சொல்வாள், இந்தக் கை வேலைக்காகுமா ஆகாதா என்று. தறிக்காரன் இழையைத் தொட்டுச் சொல்வான். பழங்குடிச் சான்று கேட்டுப் பத்து வருஷம் அலைந்த இருளருக்கு, அது தாசில்தார் கையில் இல்லை, கோட்டாட்சியரிடம் போக வேண்டும் என்று சொல்லிக் கூடவே வந்தவன் யார், வெறுமனே ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு மறைந்தவன் யார் என்று தெரியாதா? சான்று இல்லாமல் பிள்ளையின் படிப்பு நின்றது அவர் வீட்டில். தேர்வாளர் வீட்டில் அல்ல.

"துண்டும் சோப்பும் கொடுத்தவனுக்கு மார்க் போட்டுவிடுவார்களே?" இந்தக் கேள்வியை நாம் ஒதுக்கவில்லை. அதனால்தான், கொடுத்த பொருள் எதற்கும் மார்க் கூடாது என்கிறோம். நமக்கு அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. ஊர்ப் பெரிய மனிதர்கள் கையில் இந்த மார்க்கைக் கொடுத்துவிட்டால், சேரிப் பக்கம் நின்ற பிள்ளையை அவர்கள் பழி வாங்குவார்கள். ஆகவே 'கிராமம்' என்று பொதுவாகச் சொல்லி ஏமாற வேண்டாம். யார் குடியிருப்பில் வேலை செய்தார்களோ அந்தக் குடியிருப்பின் கூட்டம்தான் போட வேண்டும். பெண்கள் பாதிப் பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

மாணவர்களை நாம் பகையாகப் பார்க்கவில்லை. அவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள். தகப்பன் ஆலையில், தாய் வயலில், வீட்டில் முதல் பட்டதாரி. வாரம் இரண்டு நாள் கூலியில்லாத வேலை. பஸ் சத்தம் கைக்காசு. பெண் பிள்ளைகளுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் கட்டணமில்லை, ஆண் பிள்ளைகளுக்கு அதுவுமில்லை. ஆள் பற்றாத தொண்டு நிறுவனம் இவர்களைக் கொண்டு பைல் அடுக்குகிறது, பதிவேடு நிரப்புகிறது, அதையும் 'திறன்' என்று எழுதிக் கொடுக்கிறது. வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் முதுகலைக்கு 900 மணி, ஆஸ்திரேலியாவில் 1000 மணி களப்பணி. வாடகை கட்ட வழியில்லாமல் படிப்பை விட்டவர்கள் குரல் எழுப்பிய பிறகு, ஆஸ்திரேலிய சர்க்கார் 2025 ஜூலை 1 முதல் தகுதியுள்ள மாணவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் வாரம் 331 டாலர் 65 காசு கொடுக்க ஆரம்பித்தது. இங்கே பஸ் சத்தத்தையும் மதியச் சாப்பாட்டையுமாவது கல்லூரி கொடுக்கட்டும் என்று கேட்பது பெரிய ஆசையா?

உழைக்கும் மக்கள் கணக்குக் கேட்பது நடக்காத காரியமுமல்ல. ராஜஸ்தானத்தில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994-ல் கிராமத்து வெட்டவெளியில் பந்தல் போட்டு, மஸ்டர் ரோலை உரக்கப் படித்தது. செத்தவன் பெயரில் கூலி போன கதை அப்படித்தான் வெளியே வந்தது. 2005-ம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தில் கிராம சபையின் சமூகத் தணிக்கை இடம் பெற்றதற்குப் பின்னால் அந்தப் பந்தல்கள் இருந்தன. கோடிக்கணக்கான கூலிக் கணக்கைத் தணிக்கை செய்ய முடிந்த கூட்டத்துக்கு ஒரு மாணவனின் நோட்டு பெரிதா?

நாம் கேட்பது இதுதான். களப்பணி மார்க்கில் பாதி குடியிருப்புக் கூட்டத்திலிருந்து வரட்டும். கேள்வித் தாள் தமிழில், ஒரே பக்கம் இருக்கட்டும்: என்ன பிரச்னையைக் கையில் எடுத்தாய், எந்த ஆபீசில் மனு கொடுத்தாய், ரசீது எங்கே, பதில் என்ன, உனக்குப் பின்னால் வருகிறவரிடம் எதை ஒப்படைத்தாய்? அதிகாரி மறுத்துவிட்டால் பிள்ளையைப் பெயிலாக்க வேண்டாம்; மனு எண்ணும் மறுப்புக் கடிதமும் இருந்தால் முழு மார்க் போடலாம், அது நாளைக்கு நம் கையில் ஆயுதம். கொத்தடிமை நிலையைக் கண்டு எழுதிய அறிக்கையில் எந்த மேற்பார்வையாளரும் சிவப்பு மை தொடக்கூடாது. அது நேரே கலெக்டருக்குப் போக வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் சட்டம் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மே 1-ம் தேதி ஊருக்கு ஊர் கிராம சபை கூடுகிறது. அதற்கு முதல் வாரமே உத்திரமேரூர்ப் பக்கத்துத் தோழர்கள் தங்கள் குடியிருப்பில் உட்கார்ந்து, இந்த வருஷம் யார் யார் வந்தார்கள், எந்தக் கல்லூரி, எந்த நிறுவனம், என்ன எழுதிக்கொண்டு போனார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். போன வருஷத்து நோட்டைக் கொண்டுவந்து சபையில் தமிழில் படித்துக் காட்டும்படி அந்தக் கல்லூரிக்குக் கடிதம் போடுங்கள். அந்த மாணவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.