மெல்லச் சமைக்கும் பானை வேண்டுமா?

மெல்லச் சமைக்கும் மின்சாரப் பானையொன்று வாங்கலாமா என்று மனைவி வினவினாள். இருவரும் பாடசாலைக்குச் செல்பவர்கள், மரக்கறி உணவினர். காலையில் இட்டதை மாலையில் உண்ணலாம் என்பது ஆசை காட்டும் பேச்சுத்தான்.

ஆயினும் அப்பானை யாருக்காகப் பிறந்தது? 1971இல் அமெரிக்காவில் ‘குறொக் பொட்’ என்னும் பெயரில் அது சந்தைக்கு வந்தது. முற்றிய இறைச்சியின் நாரை இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்து இளகச் செய்வதே அதன் தனித்திறன். கத்தரிக்காய்க்கு 8 மணி நேரம் எதற்கு? கீரையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கடலை, பயறு வகைகளுக்கு அது உதவும். அங்கும் ஓர் ஆபத்துண்டு. ராஜ்மா எனப்படும் சிவப்புப் போஞ்சி விதையில் இயல்பாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரை வடித்து, புதுநீரில் 10 நிமிடமாவது நன்கு கொதிக்க வைத்தாலன்றி அது அழியாது. இப்பானையின் சூடு அவ்வளவுக்கு ஏறாமலும் போகலாம். விதை வெந்தது போலத் தோன்றும், நஞ்சோ அகலாது. பின்னர் வாந்தியும் வயிற்றோட்டமுந்தான். எப்படியும் அடுப்பு மூட்ட வேண்டுமென்றால், பிறஷர் குக்கரே வேலையை அரை மணியில் முடித்துவிடுமே!

“இராசவள்ளிக் கஞ்சிக்கு நல்லதல்லவா?” என்றாள் மனைவி. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் அக்கிழங்கு எங்கள் வீட்டுக்கு வருவதோ ஆண்டில் இரண்டு மூன்று தடவைதான். பானையை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.