பிள்ளை பிழைத்துவிட்டது, அப்புறம் என்ன?

"புள்ளைதான் பொழைச்சிருச்சுல்ல, அப்புறம் என்ன அழுகை?" கடும் நோயிலிருந்து மீண்ட குழந்தையின் தாயிடம் ஊரார் கேட்பது இதைத்தான். ஆறுதல் போலத் தெரியும் இந்தக் கேள்விதான் அவள் வாயை அடைக்கிறது!

இராமேஸ்வரத்தில் ஒரு மீனவர் வீட்டுக் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். இராமநாதபுரத்தில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் உயர் சிகிச்சைக்குப் பலர் சுமார் 170 கிலோமீட்டர் தாண்டி மதுரைக்குத்தான் போகிறார்கள். அம்மா வார்டில். அப்பா கடலுக்குப் போனால்தான் கூலி. மூத்த பிள்ளை பாட்டி வீட்டில். ஒருவருக்கு வந்த நோய் நான்கு பேரையும் பிரித்துப் போடுகிறது.

குழந்தைக்கு என்ன தெரியும் என்கிறார்கள். எல்லாம் தெரியும்! "சேட்டை பண்ணினா டாக்டர் ஊசி போட்டுருவாரு" என்று மிரட்டி வளர்த்த பிள்ளை, தான் செய்த தப்புக்குத்தான் இந்த ஊசியெல்லாம் என்று நம்பிவிடுகிறது. வீடு திரும்பிய பிறகும் இரவில் அலறுகிறது, படுக்கையை நனைக்கிறது, அம்மாவின் முந்தானையை விட மறுக்கிறது. பெற்றவளோ, பிள்ளை மூச்சு விடுகிறதா என்று நடுராத்திரியில் தொட்டுப் பார்க்கிறாள். லேசாகச் சுட்டாலும் பதறுகிறாள்.

இதை ஏன் அவள் வெளியே சொல்வதில்லை? மனநலம் என்றாலே இந்த மாவட்டத்தில் ஏர்வாடிதான் நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். பயமாக இருக்கிறது என்று சொன்னால் பைத்தியம் என்பார்களே என அவள் நினைப்பதில் ஆச்சரியம் என்ன?

"மருந்துக்கே வழியில்லை, மனசுக்கு வேறயா?" என்று கேட்பவர்கள் யோசிக்கட்டும். ஊசியைக் கண்டு நடுங்கும் குழந்தை சிகிச்சைக்கு ஒத்துழைக்காது. தூக்கமிழந்த தாய் மருந்து வேளையை மறப்பாள். மனதைக் கவனிப்பதும் சிகிச்சையில் பாதி! மருத்துவமனையில் இருக்கும் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்காதீர்கள் என்று பிரிட்டனின் பிளாட் குழு 1959-லேயே சொல்லிவிட்டது.

காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கணக்கு டிஸ்சார்ஜ் சீட்டோடு முடிந்துவிடக் கூடாது. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது 2017 சட்டம். அப்படியானால் குழந்தைகள் வார்டு ஒவ்வொன்றிலும் ஒரு மனநல ஆலோசகர் வேண்டும். வீடு திரும்பிய குடும்பத்தை மூன்று மாதம் கழித்து அழைத்துப் பேச வேண்டும். அதுவரை, 14416 என்ற டெலிமானஸ் இலவச எண்ணையாவது டிஸ்சார்ஜ் சீட்டில் அச்சடிக்கலாமே! அதற்கு என்ன பெரிய செலவு?