ஊர்ப் பேச்சு யார் கையில்?

பாகூர் ஏரி புதுச்சேரிப் பகுதியில் பெயர் பெற்றது. ஊசுடு ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி அதுதான். தென்பெண்ணை ஆற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்து அதில் நிறைகிறது.

ஆற்றில் வெள்ளம் ஓடும் நாட்கள் சில. வயலுக்குத் தண்ணீர் வேண்டிய நாட்களோ பல. அதனால்தான் முன்னோர்கள் ஏரி வெட்டினார்கள். தண்ணீர் வரும்போது பிடித்து வைத்தார்கள். வேண்டும்போது மதகைத் திறந்தார்கள்.

தண்ணீருக்கு உள்ள இந்த நியாயம் செய்திக்கும் உண்டு!

இன்று கம்ப்யூட்டர் மூலமும் செல்போன் மூலமும் பல ஊர்க்காரர்கள் கூடிப் பேசுகிறார்கள். ஒருவர் கேள்வி கேட்கிறார். இன்னொருவர் பதில் எழுதுகிறார். மூன்றாமவர் மறுக்கிறார். இப்படிக் கூடிப் பேசும் கூட்டத்துக்கு விவாதக் குழு என்று பெயர்.

இந்தப் பேச்சைப் படிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டில் எது நல்லது? கிராமத்தில் இருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வரும் பத்திரிகை

டீக்கடைக்குப் போய்ப் பத்திரிகை படிப்பவர் உண்டு. வீட்டுக்கே பத்திரிகை வரவழைப்பவரும் உண்டு.

டீக்கடையில் படிப்பது சுலபம். சந்தா கிடையாது. ஆனால் கடை திறந்திருக்க வேண்டும். பத்திரிகையை வேறு ஒருவர் கையில் வைத்திருந்தால் காத்திருக்க வேண்டும். படித்து முடித்ததும் அங்கேயே போட்டுவிட்டு வர வேண்டும். நேற்றைய பத்திரிகையைக் கேட்டால், அதில் வடையை மடித்துக் கொடுத்தாகிவிட்டது என்பார் கடைக்காரர்!

வீட்டுக்கு வரும் பத்திரிகை அப்படி அல்ல. காலையிலும் படிக்கலாம். இரவில் விளக்கு வைத்தும் படிக்கலாம். வேண்டியதை வெட்டி எடுத்து வைக்கலாம்.

இணையப் பக்கத்தில் போய் விவாதம் படிப்பது டீக்கடைப் பத்திரிகை போன்றது. "நியூஸ் ரீடர்" என்னும் மென்பொருளை வைத்துக்கொண்டு படிப்பது வீட்டுக்கு வரும் பத்திரிகை போன்றது. குழுவில் வந்த செய்திகளை எடுத்துத் தன் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ள அதில் வழி உண்டு. பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டு, சாவகாசமாகப் படிக்கலாம். எது படித்தது, எது படிக்காதது என்று அதுவே குறித்துக் காட்டும். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று கோத்துக் காட்டும். வம்பு பேசுகிறவர் எழுதுவது கண்ணில் படாதபடி ஒதுக்கியும் வைக்கும்.

ராத்திரி டெலிபோன்

இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

1979-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்று இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். பல ஊர்க் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று செய்தி பரிமாறிக்கொள்ள ஒரு வழி கண்டார்கள். 1980-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதுதான் "யூஸ்நெட்".

அந்நாளில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்கு டெலிபோன் செய்யும். கட்டணம் குறைந்த ராத்திரி நேரத்தில் செய்யும். புதிதாக வந்த செய்திகளை அள்ளிக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கும். காலையில் மனிதர்கள் வந்து படிப்பார்கள்.

ஒரு செய்தி எழுதினால் அதன் நகல் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. யூஸ்நெட்டுக்குத் தனி முதலாளி என்று ஒருவரும் இல்லை. தமிழர்களும் அதில் ஒரு குழு வைத்திருந்தார்கள். "சோக்.கல்ச்சர்.தமிழ்" என்பது அதன் பெயர்.

வில்லியனூர் காட்டிய வழி

இதே நியாயத்தை வில்லியனூர் வேறு விதமாகக் காட்டியது.

1998-ஆம் ஆண்டு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று பண உதவி செய்தது. வில்லியனூர் தலைமை மையமாக இருந்தது. எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் கிளைகள் இருந்தன.

அந்நாளில் கிராமங்களில் டெலிபோன் இணைப்பே அரிது. ஊர் ஊராக இணையம் கொடுக்க வழி இல்லை. என்ன செய்தார்கள்?

வில்லியனூரில் உள்ளவர்கள் இணையத்திலிருந்து செய்திகளைச் சேகரித்தார்கள். தமிழில் எழுதினார்கள். கம்பியில்லாக் கருவி மூலம் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். கிராம மையத்தில் இருந்தவர்கள் அதை வாங்கி வைத்தார்கள். பலகையில் எழுதிப் போட்டார்கள். மின்சாரம் போனால் சூரிய ஒளி மின்சாரம் கைகொடுத்தது. மையங்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள்!

எம்பலத்தில் மையம் கோவில் இடத்தில் இருந்தது. எந்த ஜாதிக்காரரும் தடையின்றி வந்து போகும் இடமாக இருக்க வேண்டும் என்பது மையத்துக்கு ஒரு முக்கிய நிபந்தனை.

வீராம்பட்டினம் மீனவர்களுக்கு என்ன வேண்டும்? நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணக்கை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் ஒலிபரப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வலை பின்னிக்கொண்டே கேட்டார்.

வில்லியனூரிலிருந்து "நம்ம ஊரு செய்தி" என்று ஒரு பத்திரிகையும் அச்சாகி வந்தது. திரையில் வந்தது காகிதத்தில் இறங்கியது. காகிதம் வீட்டுக்குள் போயிற்று. பாட்டி கேட்க, பேத்தி படித்தாள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கடலோர ஊரான நல்லவாட்டுக்கு, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து டெலிபோனில் எச்சரிக்கை கிடைத்தது. ஊர்த் தகவல் மையத்தின் ஒலிபெருக்கி உடனே முழங்கியது. ஜனங்கள் ஓடித் தப்பினார்கள். கருவி ஊரார் கையிலேயே இருந்தது. யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை!

செய்தி வெளியிலிருந்து வரலாம். ஆனால் அது ஊருக்குள் வந்து தங்க வேண்டும். ஊராரின் கைக்குள் இருக்க வேண்டும். வில்லியனூர் கற்றுக் கொடுத்த பாடம் இதுதான்.

இணையப் பக்கத்தின் சௌகரியம்

இணையப் பக்கத்தில் நன்மையே இல்லையா? உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நியூஸ் ரீடரைப் பயன்படுத்த அதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். எந்த நிலையத்திலிருந்து செய்தி வாங்குவது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். புதிதாகக் கற்றவருக்கு இது தலைவலி. இணையப் பக்கமோ விரலால் தொட்டதும் திறக்கிறது. யாருடைய செல்போனில் வேண்டுமானாலும் பார்க்கலாம். படமும் பார்க்கலாம். பழைய பேச்சைத் தேடலாம்.

எழுத்துச் சங்கடம் வேறு இருந்தது. யூஸ்நெட்டின் ஆரம்ப காலத்தில் ஆங்கில எழுத்துதான் ஓடியது. தமிழர்கள் "அம்மா" என்பதைக்கூட ஆங்கில எழுத்தைக் கூட்டித்தான் எழுதினார்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே வேலை இல்லை. தமிழ் எழுத்தைத் தமிழாகவே பலருக்கும் காட்டியதில் இணையப் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது.

நியூஸ் ரீடர் வழியிலும் களை முளைத்தது. யூஸ்நெட்டில் காவல்காரர் இல்லாததால் போலி விளம்பரங்கள் வந்து குவிந்தன. நல்ல பேச்சு அதில் மூழ்கியது. பலர் வெளியேறினார்கள்.

ஆகவே ஜனங்கள் இணையப் பக்கத்துக்குப் போனதில் குற்றம் இல்லை. போனவர்கள் கையில் நகல் இல்லாமல் போனதுதான் குற்றம்!

கதவை மூடினால்?

யாஹூ நிறுவனம் "யாஹூ குழுமம்" என்று ஒரு வசதி நடத்தியது. உலகமெங்கும் உள்ள தமிழர்கள் அதில் கூடினார்கள். அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று அழகழகான பெயர்களில் குழுக்கள் இருந்தன. இலக்கியம் பேசினார்கள். கதை எழுதினார்கள். சண்டையும் போட்டார்கள்.

2019 அக்டோபரில் யாஹூ ஓர் அறிவிப்புக் கொடுத்தது. குழுக்களின் பக்கத்தில் சேர்த்து வைத்திருப்பவை நீக்கப்படும் என்றது. சொன்னபடியே நீக்கியது. 2020 டிசம்பர் 15-இல் குழுமம் முழுவதையும் மூடிவிட்டது.

அந்தக் குழுக்களில் எழுதிய செய்திகளைத் தபால் போல மின்னஞ்சலில் வரவழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பத்திரமாக வைத்திருந்தால், நகல் அவர்களிடம் மிஞ்சியது. பக்கத்தில் போய் மட்டும் படித்தவர்களுக்கு? நினைவு மட்டுமே மிஞ்சியது.

யாஹூவைத் திட்டிப் பயன் இல்லை. கடைக்காரர் கடையை மூடினார். அது அவர் கடை. தன் வீட்டு நகையைக் கடைக்காரர் பெட்டியில் வைத்தவர்தான் யோசித்திருக்க வேண்டும்.

கூகுள் கதையும் உண்டு. 2001-இல் அந்த நிறுவனம் யூஸ்நெட்டின் பழைய செய்திகளை விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் 20 ஆண்டுச் செய்திகளை, 70 கோடிக்கும் மேலானவற்றை, இணையப் பக்கத்தில் வைத்தது. எல்லோரும் அங்கேயே போய் யூஸ்நெட் படிக்கப் பழகினார்கள். 2024 பிப்ரவரி 22 முதல் யூஸ்நெட்டின் புதிய செய்திகளை அங்கே படிக்கவோ எழுதவோ முடியாது என்று ஆகிவிட்டது. பழையவை மட்டும் இருக்கின்றன.

யூஸ்நெட் அதோடு செத்ததா? இல்லை! ஒரு வாசல்தான் மூடியது. நியூஸ் ரீடர் வைத்திருந்தவர்கள் வேறு நிலையங்களிலிருந்து செய்தி வாங்கிக்கொண்டு வழக்கம் போலப் படித்தார்கள்.

141 நாடாக்கள்

கூகுள் வைத்த பழைய செய்திகளில் 1981-ஐச் சேர்ந்தவையும் இருந்தன. அவை எங்கிருந்து கிடைத்தன?

கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் என்பவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டார். யூஸ்நெட்டில் வந்த செய்திகளை 1981 முதல் பத்து ஆண்டுகள் காந்த நாடாவில் பதித்து வைத்தார். மொத்தம் 141 நாடாக்கள். அவற்றில் சுமார் 20 லட்சம் செய்திகள் இருந்தன.

ஒரு மனிதர் நகல் எடுத்து வைத்தார். உலகத்தின் பேச்சு பிழைத்தது.

செல்போனில் என்ன நடக்கிறது?

இன்று கிராமத்து இளைஞர் நியூஸ் ரீடரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் கையில் வாட்ஸ்அப் இருக்கிறது. அதில் ஒரு விசேஷம் உண்டு. வந்த செய்தி அவர் செல்போனுக்குள்ளேயே தங்குகிறது. சிக்னல் இல்லாத வயலிலும் படிக்கலாம். பழைய நியூஸ் ரீடர் வழிக்கு இது நெருங்கிய உறவு.

பேஸ்புக் குழு அப்படி அல்ல. பேச்சு நிறுவனத்தின் வீட்டில் இருக்கிறது. எது மேலே, எது கீழே என்று நிறுவனமே வரிசைப்படுத்துகிறது. விளம்பரத்தையும் இடையில் செருகுகிறது.

ஆனால் வாட்ஸ்அப்பிலும் ஆபத்து உண்டு. செல்போன் தண்ணீரில் விழுந்தால்? திருடு போனால்? நகல் எடுக்காதவருக்கு எல்லாம் போயிற்று.

கிராமக் குழுக்களில் பேசுவது வெறும் அரட்டை அல்ல. எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து பலித்தது என்று விவசாயி எழுதுகிறார். முதியோர் உதவித் தொகைக்கு என்ன சான்று கேட்டார்கள் என்று ஒரு பெண் எழுதுகிறாள். ஏரி மதகு என்று திறந்தது, எந்தத் தெருவில் வெள்ளம் ஏறியது என்றெல்லாம் எழுதுகிறார்கள். அடுத்த மழைக்கு அது பயன்படும். பத்து ஆண்டுக்குப் பிறகு அதுவே ஊர்ச் சரித்திரம்.

செய்ய வேண்டியது

இணையப் பக்கத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் முக்கியமான குழுவை நடத்துகிறவர்கள், செய்தியைத் தன்னிடத்தில் வைத்துக்கொள்ளும் வழி இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு குழுவின் பேச்சைத் தனிக் கோப்பாக எடுக்கும் வசதி இருக்கிறது. மாதம் ஒரு முறை எடுக்கலாம். ஒரு நகல் ஒருவரிடமும், இன்னொரு நகல் மற்றொருவரிடமும் இருக்கட்டும். செய்திகள் தானாக மறையும் ஏற்பாட்டை இப்படிப்பட்ட குழுவில் வைக்கக் கூடாது. எல்லோருக்கும் பயன்படும் செய்தியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஊர் நூலகத்தில் வைக்கலாம். ஒருவருடைய சொந்த விஷயத்தை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

இதற்குப் பணம் அதிகம் தேவை இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளை அரை மணி நேரத்தில் செய்துவிடும்.

பாகூருக்கு இது புதிதும் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அதற்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. அந்தச் செய்தியை வாய்ப்பேச்சாக விட்டுவிடவில்லை. செப்பேட்டில் வெட்டினார்கள். கல்விச்சாலை போய்விட்டது. மன்னனும் போய்விட்டான். ஏட்டில் வெட்டிய செய்தி மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

இன்றைய ஊர்ப் பேச்சைச் செம்பில் வெட்ட வேண்டியதில்லை. ஒரு நகல் எடுத்தால் போதும்!