ஓசியில் விமானமா? அண்ணாச்சிகளே, உஷார்!

"வருசத்துக்கு 10 லட்சம் கார்டில் தேயுங்க, விமானத்துல ஓசியாப் பறங்க!"

உடன்குடி பஜாரில் கருப்பட்டிக் கடை அண்ணாச்சி ஒருவரிடம் கிரெடிட் கார்டு ஏஜெண்டு விரித்த வலை இது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ பேப்பர்காரன். உள்ளதைச் சொல்லு. வாங்கலாமா, வேண்டாமா?" என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன். வாசகர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

10 லட்சம் எங்கே?

அண்ணாச்சிக்கு வியாபாரம் 10 லட்சத்தைத் தாண்டும். அது அத்தனையும் கார்டில் போகுமா? பனையேறிக்கு ரொக்கம். சுமை தூக்குகிறவருக்கு ரொக்கம். லாரி வாடகையும் ரொக்கம். பெட்ரோல், கடை வாடகைக்குப் பல கார்டுகளில் புள்ளியே கிடையாது. நோட்டை எடுத்துக் கழித்துப் பார்த்தோம். மிஞ்சியது 3 லட்சம்தான்!

கணக்கு இதோ!

உதாரணத்துக்கு ஒரு பெரிய கார்டு. வருசக் கட்டணம் 10,000 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 11,800. நூறு ரூபாய்க்கு 2 புள்ளி, புள்ளி ஒரு ரூபாய் என்றே வைப்போம். 3 லட்சத்துக்கு 6,000 ரூபாய். கைநஷ்டம் 5,800!

இன்னொன்று சின்னக் கார்டு. கட்டணம் 500, வரியோடு 590. ஒரு சதவீதம் பணமாகத் திரும்பி வந்தால் 3,000. லாபம் 2,410. எது மேல்?

நிஜமாகவே 10 லட்சம் தேய்ப்பவருக்குப் பெரிய கார்டு லாபம்தான். சில கார்டில் கட்டணமும் தள்ளுபடி ஆகும். ஆனால் அவர் விமானம் ஏறுகிறவராக இருக்க வேண்டும். வாகைகுளத்தில் 2025 ஜூலையில் புது விமான முனையம் திறந்தார்கள், சரி. நம் அண்ணாச்சி சென்னைக்குப் போவதோ திருச்செந்தூரில் ரயில் ஏறி! ரயில் டிக்கெட்டுக்குப் புள்ளி தரும் கார்டும் இருக்கிறது. அதை ஏஜெண்டு சொன்னாரா?

துபாய், சவூதி என்று அடிக்கடி போகிறவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள். வெளிநாட்டில் தேய்த்தால் பல கார்டுகளில் 3.5 சதவீதம் பிடிப்பார்கள். லட்சத்துக்கு 3,500, அதற்கு மேல் வரி வேறு!

வட்டி என்னும் பூதம்

பில்லை முழுசாகக் கட்டாதவருக்கு எந்தக் கார்டும் ஆகாது. 50,000 பாக்கி நின்றால், மாதம் 3.5 சதவீத வட்டி 1,750. வரியோடு 2,065 ரூபாய். வருச லாபத்தில் பெரும்பகுதி ஒரே மாசத்தில் காலி!

இலக்கை எட்டுவதற்காகக் கூட்டாளி கடையில் சும்மா தேய்த்து ரொக்கம் வாங்குகிறார்கள் சிலர். கண்டுபிடித்தால் வங்கி கார்டை முடக்கும். "புள்ளி இன்றோடு காலாவதி, இதை அமுக்குங்க" என்று செல்போனில் தகவல் வந்தால் தொடாதீர்கள். தொட்டுப் பணம் போனால் உடனே 1930-க்குப் போன் அடியுங்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கலங்க வேண்டாம். பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள். 7 வேலை நாளில் மூடாவிட்டால், நாளுக்கு 500 ரூபாய் வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டும். ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட உத்தரவு இது.

புள்ளிக்காகப் பயணம் போகாதீர்கள். போகிற பயணத்துக்குப் புள்ளி வருகிறதா என்று பாருங்கள். முதலில் ஒரு வருசச் செலவை எழுதுங்கள். கார்டு பிறகு!

மறுநாள் ஏஜெண்டு வந்தாராம். அண்ணாச்சி நோட்டை முன்னால் போட்டு, "தம்பி, நீயே கூட்டிச் சொல்லு" என்றாராம். வந்தவர் கால் கிலோ கருப்பட்டி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ரொக்கத்துக்குத்தான்!