படகின் முதுகில் ஒரு கயிறு

நோர்வூட்டுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதத்தை இவ்வாரம் இருமுறை படித்தேன். கொழுந்து பறித்த கூலியில் தம் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அத்தம்பி இப்போது காசல்ரீ நீர்த்தேக்கக் கரையிலே ஒரு விடுதியில் வேலைக்கமர்ந்து, உல்லாசப் பிரயாணிகளைப் படகில் ஏற்றி இறக்கும் பணியைச் செய்து வருகிறான். பிரயாணி ஒருவர் விட்டுச் சென்ற பழைய கடற் கயாக் ஒன்று அவன் கைக்கு வந்திருக்கிறதாம். அதன் மேற்றட்டில் கயிறும் வளையமும் பூட்டுவதிலேயே விடுமுறை நாளெல்லாம் கழிகிறது. சம்பளத்தில் ஒரு பங்கும் அதற்கே போகிறது. “படகு ஓடுவது துடுப்பினால் அல்லவா? அதன் முதுகில் இத்தனை கயிறு எதற்கு? எங்கள் பரம்பரையில் எவரும் தண்ணீரை நம்பிப் பிழைத்ததில்லை. இவனைத் தடுப்பதா, விடுவதா?” என்று கேட்கிறார் சகோதரி.

கேள்வி சிறிதன்று. கெசல்கமு ஓயாவை மறித்து 1965ஆம் ஆண்டில் அணை எழுந்த பின்னரே அந்த நீர்ப்பரப்பு உண்டாயிற்று. கடல்மட்டத்துக்கு 1,000 மீற்றருக்கும் மேலே கிடக்கும் அந்நீர் குளிர்ந்தது. தேயிலை மலைகளின் நிழல் விழுந்து காலையிலே கண்ணாடிபோல் கிடந்தாலும், காற்று எழுந்துவிட்டால் அலை புரளும். அதில் விழுந்தவனுடைய விரல்கள் மரத்துப்போகக்கூடும். தம்பி பூட்டும் கயிற்றின் பெருமை அப்பொழுதுதான் விளங்கும்.

கயாக் என்பது ஆர்க்டிக் பிரதேசத்து இனுவிட் மக்கள் கண்ட படகு. மரச்சட்டத்தின்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்து, ஒருவன் இடுப்பளவு நுழையும் துவாரம் ஒன்றை மட்டும் விட்டு, மற்றதெல்லாம் மூடிச் செய்தார்கள். துவாரத்தின் விளிம்பிலும் தன் இடையிலும் தோலாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேட்டைக்காரன் கடலிலே புறப்படுவான். பனியில் நனைந்த செடிகளுக்கிடையே புகுமுன் நம் பெண்கள் இடையில் படங்கு கட்டிக்கொள்வதில்லையா? நீர் உள்ளே வராமல் காக்கும் உபாயம் இரண்டுக்கும் ஒன்றே.

அந்த வேட்டைக்காரன் படகின் மேற்றட்டில் குறுக்கே தோல்வார்களை இழுத்துக் கட்டியிருந்தான். ஈட்டியும் துடுப்பும் அவ்வார்களின் கீழே செருகப்பட்டிருக்கும். இருந்த இடத்திலிருந்து அசையாமல், கையை நீட்டியதும் வேண்டிய பொருள் அகப்பட வேண்டும் என்பதே அவன் கண்ட சூத்திரம். இக்காலத்துக் கயாக் பிளாஸ்டிக்கினாலும் கண்ணாடியிழையினாலும் ஆயினும், சூத்திரம் மாறவில்லை.

இத்தகைய படகு நம் தீவுக்குப் புதிதுமன்று. ஒஸ்கார் ஸ்பெக் என்னும் ஜெர்மானியர் 1932ஆம் ஆண்டில் உல்ம் நகரத்தில் மடக்குக் கயாக் ஒன்றை டான்யூப் நதியில் இறக்கினார். பாரசீக வளைகுடாவையும் இந்தியாவின் மேற்குக் கரையையும் கடந்து, 1935இல் இலங்கையை அடைந்தார். பின்னர் சென்னை, கல்கத்தா, பர்மா எனக் கரையோரமாகவே சென்று, 1939 செப்டெம்பரில் ஆஸ்திரேலியாவின் வடகோடித் தீவொன்றில் ஏறினார். அதற்குள் யுத்தம் மூண்டுவிட்டமையால், பகை நாட்டவர் என்று அவரைச் சிறைவைத்தார்கள். மரச்சட்டமும் மேலுறையுமாய் அமைந்த சிறு படகுகளில் ஏழாண்டுப் பயணம் நடந்தது என்றால், அவற்றின் ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு தையலும் எத்தனைமுறை சோதிக்கப்பட்டிருக்கும்!

இனித் தம்பியின் வேலைக்கு வருவோம். மேற்றட்டில் இருவகைக் கயிறுகள் உண்டு. இரண்டையும் ஒன்றென எண்ணுவதே பெரும்பிழை. முதலாவது, விளிம்பையொட்டி முன்முனையிலிருந்து பின்முனைவரை சுற்றி ஓடும் உயிர்க்கயிறு. இது இழுபடாத கயிறாக, ஐந்து ஆறு மில்லிமீற்றர் கனமுள்ளதாக இருத்தல் வேண்டும். படகு கவிழ்ந்து ஆள் நீரில் விழுந்தால், வழுக்கும் அதன் உடலைப் பிடிக்க வேறு பிடி கிடையாது. காற்றடிக்கும் வேளையில் வெறும் படகு மனிதன் நீந்துவதிலும் விரைவாக ஓடிவிடும். ஆகையால் கயிறு இறுக்கமாகவும், அதே சமயம் மரத்த விரல்கள் அதன் கீழே நுழையக்கூடியதாகவும் இருப்பது அவசியம்.

இரண்டாவது, குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னிய இறப்பர் கயிறு. இது பொருள்களைப் பிடித்து வைக்க மட்டுமே. ஆளைத் தாங்க அன்று. நீர் இறைக்கும் பம்பும், துடுப்பின் அலகிலே மாட்டும் மிதவையும் இருக்கைக்கு அருகில் இதன் கீழே இருக்கும். இரண்டாகப் பிரியும் மாற்றுத் துடுப்பும் அவ்வாறே. கவிழ்ந்தவன் துடுப்பின் ஒருமுனையில் மிதவையை மாட்டி, மறுமுனையை இருக்கைக்குப் பின்னேயுள்ள கட்டுக்குள் செருகிவிட்டால், அது பக்கத்துணைபோல் நின்று படகைப் புரளாமல் தாங்கும். அதன்மேல் உடலைச் சாய்த்து அவன் ஏறிக்கொள்வான். இறப்பர் வெயிலில் இற்றுப்போகும் பொருள். இழுத்துவிட்டால் தளர்ந்து கிடப்பதையும், மேலுறை கிழிந்ததையும் தயங்காமல் மாற்றுதல் நலம்.

இன்னும் சில நுட்பங்கள் உண்டு. கயிறு ஓடும் பூட்டுகளை உள்ளிருந்து தகடு வைத்து முறுக்காவிட்டால், நெருக்கடியில் அவை பிடுங்கிக்கொண்டு வரும். ஆணித்துவாரத்தை அடைக்காவிட்டால் நீர் கசியும். மேற்றட்டில் மூட்டை முடிச்சுகளை ஏற்றுவது தவறு. பாரம் உயர்ந்தால் படகு தள்ளாடும். காற்றும் அதைப் பற்றிக்கொள்ளும். கனமானவை உள்ளறைக்கே உரியவை. திசையறி கருவிக்கு அருகில் இரும்புப் பொருள் வைத்தலாகாது. இடையில் கட்டும் நீர்த்தடுப்பு ஆடையின் முன்னே உள்ள இழுவளையம் எப்பொழுதும் வெளியே தெரியவேண்டும். அதை உள்ளே மடித்துவிட்டால், கவிழ்ந்தபோது ஆடையைக் கழற்றவே வழியிராது.

சகோதரி, உங்கள் பரம்பரைக்கு இவ்வித்தை அந்நியம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. கயிற்றினால் மரங்களைக் கட்டிக் கடலில் இறங்கிய நம் மொழியினரின் ‘கட்டுமரம்’ என்ற சொல்லையல்லவா ஆங்கிலம் எடுத்துக்கொண்டது? அதுவும் போகட்டும். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் செங்குத்தான மலையில் ஏறி இறங்கியவர் நீங்கள். கயிறு தளர்ந்தால் பாரம் எங்கே சாயும், எந்த இடத்தில் உரசினால் எங்கே அறும் என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்?

ஆகையால் தம்பியைத் தடுக்க வேண்டாம். ஆனால் சும்மாவும் விட்டுவிடாதீர்கள். அடுத்த ஞாயிறன்று கரைக்குப் போய், உங்கள் கையாலேயே அக்கயிற்றைச் சோதியுங்கள். விரல்களைக் குளிர்நீரில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு பற்றிப் பாருங்கள். பிடி அகப்படாத இடத்தை அவிழ்த்துக் கட்டச் சொல்லுங்கள். பிறகு மூன்று வாக்குறுதி கேளுங்கள். நீந்தக் கற்றுக்கொள்வதாகவும், மிதவைச் சட்டை அணியாமல் படகில் ஏறுவதில்லை என்றும், பழகியவர் ஒருவர் அருகில் நிற்க, இடுப்பளவு நீரில் படகைத் தானே கவிழ்த்துத் திரும்ப ஏறப் பழகிய பின்னரே பிறரை அழைத்துச் செல்வதாகவும் அவன் சொல்லட்டும். கடைசி வாக்குறுதியே முக்கியமானது. ஏனெனில் அவனை நம்பி ஏறப்போவது பிறர் வீட்டுப் பிள்ளைகள்.

கயிற்றுக்குச் செலவான பணத்தை எண்ணி வருந்தாதீர்கள். அந்தக் கயிற்றைப் பற்ற வேண்டிய நாள் வராமலே போகட்டும். வந்துவிட்டால், தம்பிக்கு அந்தக் கணத்தில் உங்கள் கைக்குப் பதிலாக இருக்கப்போவது அதுதான்.