சப் வூஃபர் இருக்கிறதே தெரியக்கூடாது

இந்த வாரம் நெல்லும் இல்லை, வாய்க்கால் தண்ணியும் இல்லை. பாட்டுப் பெட்டியைப் பத்திப் பேசப் போறேன். ஊர்லயும் சரி, பட்டணத்துல சொந்தக்காரங்க வீட்டுலயும் சரி, இப்போ எங்க போனாலும் ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல கறுப்பா ஒரு சப் வூஃபர் உட்கார்ந்திருக்கு. வாங்கினவங்க முதல்ல காட்டுறதும் அதைத்தான். "கேளுங்க மாமா, நெஞ்சுல அடிக்கும்"னு சொல்லிப் பாட்டைப் போடுவாங்க. அடிக்கத்தான் செய்யுது. ஆனா பாட்டு எங்க போச்சுன்னுதான் தேட வேண்டியிருக்கு.

என் கட்சி இதுதான்: நல்லா இணைஞ்ச சப் வூஃபர் ஓடுறப்போ அது இருக்கிறதே தெரியக்கூடாது; நிறுத்தினா மட்டும் தெரியணும். சாம்பார்ல உப்பு மாதிரி. நாக்குல உப்பு தனியா தெரிஞ்சா சமையல் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

நம்ம மிருதங்கக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். கச்சேரிக்கு முன்னாடி இடது பக்கத் தொப்பியில ரவையைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு ஒட்டுவாங்க. தட்டிப் பார்ப்பாங்க, கொஞ்சம் எடுப்பாங்க, கொஞ்சம் சேர்ப்பாங்க. வலந்தலையோட சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே அது வந்து உட்காரும் வரைக்கும் விடமாட்டாங்க. அடி நாதம் வேணும், ஆனா மேல் நாதத்தோட சேர்ந்து வரணும். அந்த ரவைப் பசை செய்யுற வேலையைத்தான் வூஃபருக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு மூணு திருகுகள் செய்யுது. நம்மள்ல பாதிப் பேர் அதைத் தொட்டே பார்க்கிறதில்லை. மீதிப் பேர் வால்யூமை மட்டும் முழுசாத் திருப்பி விட்டுடறாங்க.

இந்தப் பழக்கம் எப்படி வந்ததுன்னு எனக்கு ஒரு கணக்கு இருக்கு. என் வயசுக்காரங்க பாட்டுக் கேட்டு வளர்ந்தது மைக் செட்டுக் குழாயில. 1976-ல 'அன்னக்கிளி' வந்தப்போ ஊரே அந்தப் பாட்டைக் கேட்டது வேப்பமரத்து உச்சியில கட்டின கூம்பு ஸ்பீக்கர்லதான். அந்தத் தகரக் குழாய்க்குத் தூரம் போகத் தெரியும், அடி நாதம் தரத் தெரியாது. இளையராஜா பாட்டுல பேஸ் கிட்டார்னு ஒண்ணு தனியா ஒரு கதை சொல்லிக்கிட்டுப் போகுதுங்கிறதே எங்க காதுக்கு வந்து சேரலை. வருஷக்கணக்காப் பட்டினி கிடந்தவன் முன்னாடி இலையைப் போட்டா அளவு பார்த்தா சாப்பிடுவான்? மினி பஸ், டிராக்டர், டீக்கடைன்னு எல்லா இடத்துலயும் 'டும் டும்'னு பெட்டி வந்தப்போ அதையே நல்ல சவுண்டுன்னு எடுத்துக்கிட்டோம்.

இப்போ வீட்டுக்குள்ள வருவோம். மனுஷக் காது சுமார் 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும்னு சொல்லுவாங்க. நாலு கம்பி பேஸ் கிட்டாரைச் சும்மா மீட்டினா வர்ற நாதம் நாலும் சுமார் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். ஷெல்ஃபுல வைக்கிற அஞ்சு இஞ்ச் ஸ்பீக்கர் அறுபது எழுபதுக்குக் கீழே போனாலே மூச்சு வாங்கும். அப்போ கீழ் ரெண்டு கம்பியோட அடி நாதம் உங்களுக்குச் சரியா வராது. அந்த இடத்தை நிரப்புறதுக்குத்தான் வூஃபர். பெரிய ஸ்பீக்கர் செய்யுற வேலையைத் திரும்பச் செய்யவோ, அதோட போட்டி போடவோ அது வரலை.

முதல் திருகு கிராஸ்ஓவர். எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே வூஃபர் வேலை செய்யணும்னு சொல்றது அது. சின்ன ஸ்பீக்கர்னா 80-ல ஆரம்பிங்க. தரையில நிக்கிற பெரிய ஸ்பீக்கர்னா 50, 60 போதும். இதுல கஞ்சத்தனம் நல்லது. சுமார் 80-க்குக் கீழே இருக்கிற நாதம் எந்தத் திசையில இருந்து வருதுன்னு காதால கண்டுபிடிக்கிறது கஷ்டம். அதனாலதான் ஒரே ஒரு பெட்டியை ஓரமா வச்சும் சமாளிக்க முடியுது. திருகை 150-க்கு ஏத்திட்டீங்கன்னா ஆண் குரலோட அடிப்பாகம் வூஃபருக்குப் போயிடும். யேசுதாஸ் பாடுறப்போ நெஞ்சு ஒரு மூலையிலயும் தொண்டை எதிர்லயும் இருக்கிற மாதிரி ஆயிடும். கையளவு குட்டிப் பெட்டிகளோட விக்கிற மலிவு 2.1 செட்டுகள்ல இந்தக் கோளாறு கூடவே பிறந்தது. அந்தக் குட்டிகளால கீழே இறங்க முடியாது. அதனால வூஃபர் மேல ஏறி வந்துதான் ஆகணும். அதைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆனா அதைக் கேட்டுட்டு 'வூஃபர்னாலே இப்படித்தான்'னு முடிவு பண்ணிடாதீங்க.

அடுத்தது இடம். பத்துக்குப் பன்னிரண்டு அடி கான்கிரீட் ரூமை எடுத்துக்குவோம். ஒவ்வொரு ரூமுக்கும் அதோட நீள அகலத்தைப் பொறுத்துச் சொந்தமா முழங்குற நாதம் உண்டு. பன்னிரண்டு அடிக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸ், பத்து அடிக்குச் சுமார் 56. மேல சொன்ன கம்பிக் கணக்கைத் திரும்பிப் பாருங்க: ரெண்டாவது கம்பி 55. வாசிக்கிறவர் எல்லாச் சுரத்தையும் ஒரே அளவாத்தான் வாசிச்சிருப்பார். உங்க ரூமுல மட்டும் அந்தச் சுரம் வர்றப்போ சுவரே சேர்ந்து உறுமும். மூலையில வூஃபரை வச்சா உறுமல் இன்னும் கூடும். பேஸ் கிட்டார் பத்துச் சுரம் போனாலும் கேக்கிறதுக்கு ஒரே சுரம் மாதிரி 'பூம் பூம்'னு வருதுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான். இன்னொண்ணும் உண்டு. ரூமுக்கு நட்ட நடுவுல உட்கார்ந்தா அதே நாதங்கள் அமுங்கிப் போகும். நடுவுல இருக்கிறவர் 'பேஸ் பத்தலை'ன்னு ஏத்துவார், சுவத்தோரம் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரம்மா காதைப் பொத்துவாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்தான்.

இதுக்குக் காசில்லாத வழி ஒண்ணு இருக்கு. நீங்க வழக்கமா உட்கார்ற நாற்காலி இருக்கிற இடத்துல வூஃபரை வையுங்க. பேஸ் தெளிவா நடக்கிற ஒரு பாட்டைப் போட்டுட்டுச் சுவரோரமாக் குனிஞ்சு, தவழ்ந்து சுத்தி வாங்க. எந்த இடத்துல எல்லாச் சுரமும் ஒரே அளவா, தனித்தனியாக் கேக்குதோ அங்கதான் வூஃபரை வைக்கணும். பேரப்பிள்ளைங்க சிரிக்கும், சிரிச்சுட்டுப் போகட்டும்.

மூணாவது ஃபேஸ். 0, 180-னு ஒரு சுவிட்ச் இருக்கும். முன்னாடியெல்லாம் ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு இறைகூடை போடுவாங்க. ஒருத்தர் இழுக்கிற நேரத்துல இன்னொருத்தர் தளர்த்தினா கூடை ஆடும், தண்ணி ஏறாது. ஸ்பீக்கரும் வூஃபரும் அப்படித்தான். ரெண்டும் வேலையைப் பகிர்ந்துக்கிற அந்த 80 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒண்ணு காத்தைத் தள்ளுற நேரத்துல இன்னொண்ணு இழுத்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடும். சுவிட்சை ஒரு தடவை இப்படியும் ஒரு தடவை அப்படியும் போட்டுப் பாருங்க. எதுல அடி நாதம் நிறைவா வருதோ அதுதான் சரி. வால்யூமைத் தொடாமப் பார்க்கணும், அது முக்கியம்.

கடைசியாத்தான் வால்யூம். நம்ம ஆளுங்க முதல்ல தொடுறதே அதைத்தான். ஆம்ப்ல இருக்கிற பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் எல்லாத்தையும் அணைச்சிடுங்க. வூஃபரை முழுசாக் குறைச்சுட்டு மெல்ல ஏத்துங்க. 'ஆ, வூஃபர் வந்துடுச்சு'ன்னு தோணுற இடத்துல நிறுத்தி, அங்கிருந்து ஒரு மயிரிழை குறைங்க. அப்புறம் ஒரு வாரம் அதைத் தொடாதீங்க. அதிரடி பேஸுக்குப் பழகின காதுக்கு முதல் ரெண்டு நாள் சப்புன்னுதான் இருக்கும். மூணாம் நாள் வூஃபரை அணைச்சுட்டு அதே பாட்டைக் கேளுங்க. வீட்டுக்கு அடித்தளத்தை உருவிட்ட மாதிரி இருந்தா உங்க வேலை சரியா முடிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

"மெதுவா வச்சுக் கேட்டா பேஸே இல்லையே"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. சத்தம் குறையக் குறைய நம்ம காது அடி நாதத்தைத்தான் முதல்ல கைவிடும். 1933-லயே அமெரிக்காவுல பெல் ஆய்வுக்கூடத்துல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் இதை அளந்து சொல்லிட்டாங்க. ராத்திரி மெதுவாக் கேக்கிறப்போ மட்டும் லவுட்னஸ் பட்டனைப் போட்டுக்கலாம், தப்பில்லை. அதையே பகல்ல முழு வால்யூம்லயும் போட்டு வைக்கிறதுதான் தப்பு.

"படம் பாக்கிறப்போ குண்டு வெடிச்சா அதிர வேண்டாமா?"ன்னு பையன்கள் கேக்கிறாங்க. அதிரட்டும். 5.1 படத்துல அந்தப் புள்ளி ஒண்ணுங்கிறதே அந்த மாதிரி அதிர்வுக்குன்னு தனியா ஒதுக்கின தடம். ஸ்டீரியோ பாட்டுல அப்படித் தனித் தடம் கிடையாது. இடது, வலது ரெண்டுக்குள்ளதான் எல்லாமே. எது எவ்வளவு கேக்கணும்னு பாட்டைக் கலந்தவர் முடிவு பண்ணி அனுப்பியிருக்கார். 'பனிவிழும் மலர்வனம்' பாட்டுல பேஸ் கிட்டார் போற போக்கைக் கவனிச்சுப் பாருங்க. குரலுக்குக் கீழே தனியா ஒரு ராகப்போக்கே நடக்கும். அதை வாசிச்சவர் ஒவ்வொரு சுரத்துக்கும் எங்க தொடங்கணும், எங்க விடணும்னு யோசிச்சு வாசிச்சிருக்கார். நாம அதை ஒரே உறுமலா மாத்திட்டு 'செம பேஸ்'னு சொன்னா அவர் உழைப்பைக் கேக்காமலே கைதட்டின மாதிரிதான். குழாய் ஸ்பீக்கர் காலத்துல அவர் வாசிச்சது நமக்கு வந்து சேரலை. அதுக்கு வசதி இல்லைன்னு சொல்லலாம். இப்போ வசதி வந்த பிறகும் சேரலைன்னா யாரைச் சொல்றது?

இன்னொருத்தரையும் நினைக்கணும், பக்கத்து வீட்டுக்காரரை. மேல் நாதத்தைச் சுவர் ஓரளவு தடுத்துடும், அடி நாதத்தை அவ்வளவாத் தடுக்காது. அதனால உங்க பாட்டுல அவங்களுக்குப் போறது சரணமும் இல்லை, பல்லவியும் இல்லை, வெறும் 'டும்' மட்டும். 2000-ல வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரைக்கும் 45 டெசிபல்னு வரம்பு சொல்லுது. ஆனா அதை அளக்கிற முறையில அடி நாதத்துக்குக் கணக்கு ரொம்பக் குறைவு. 50 ஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 30 டெசிபல் கழிஞ்சு போயிடும். அதனால கருவியில நீங்க தப்பிச்சுடலாம். சுவத்துக்கு அந்தப் பக்கம் தூக்கம் வராமப் புரண்டுக்கிட்டு இருக்கிற வயசான அம்மாகிட்டத் தப்பிக்க முடியாது. எங்க ஊர்ல ஒட்டு வீடுகள், உங்க ஊர்ல அடுக்கு மாடி. சங்கடம் ஒண்ணுதான்.

புதுசா எதையும் வாங்கச் சொல்லி நான் எழுதலை. வீட்டுல இருக்கிற பெட்டிக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒதுக்குங்க. மூலையில இருந்து நகர்த்துங்க, கிராஸ்ஓவரை இறக்குங்க, ஃபேஸைப் பாருங்க, கடைசியா வால்யூம். முடிச்சுட்டு உங்களுக்கு மனப்பாடமான பழைய பாட்டு ஒண்ணைப் போடுங்க. இத்தனை வருஷம் அதுல இருந்தும் காதுக்கு வராத ஒரு வாத்தியம் வந்து நின்னா, அதுதான் நீங்க வூஃபருக்குக் கொடுத்த காசுக்கான பலன்.